பிடுங்கிப் போட்ட வால்வுகள்

சங்ககிரியில் நான் வேலை பழகிய பட்டறையின் சுவரோரம் ஒரு பழைய கிரீஸ் டப்பா இருக்கும். அதற்குள் உள்ளங்கையில் அடங்குகிற பித்தளைச் சாமான்கள் கிடக்கும். தெர்மாஸ்டாட் வால்வுகள். எஞ்சினில் சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகிற வழியில் கதவுபோல உட்கார வேண்டியவை அவை. 1974இல், பதினாறு வயதில், நான் அங்கே சேர்ந்தேன். முதல் வாரம் மேஸ்திரி எனக்குக் கொடுத்த வேலையே ஒரு புது வண்டியின் வால்வை எடுப்பதுதான். போல்ட்டைக் கழற்றி, வால்வை எடுத்து, கேஸ்கெட் வெட்டி வைத்து, மறுபடி மூடினேன்.

"அதை டப்பாவுல போட்டுரு சாமி. அது சீமைக்கு ஆகுற சாமான். நம்மூரு வெயிலுக்கு அது எதுக்கு?" என்றார்.

மேஸ்திரி தொழில் தெரிந்தவர். ரேடியேட்டரின் மேல் கையை வைத்து மெல்ல இறக்கிக்கொண்டே வருவார். எந்த இடத்தில் சூடு விட்டுப்போகிறதோ அந்தக் குழாய்தான் அடைத்திருக்கிறது என்பார். பிரித்துப் பார்த்தால் அதுவேதான் இருக்கும். அப்படிப்பட்டவர் வால்வைப் பிடுங்கச் சொன்னார் என்றால் அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்தையும், அதற்கு எங்கள் பக்கத்து லாரிக்காரர்கள் கொடுத்த விலையையும் எழுதிவைக்க வேண்டும் என்று வெகு நாளாக நினைத்திருக்கிறேன்.

எங்கள் பக்கம் மழையை நம்பிய மேட்டுக்காடு. கிணறு வற்றிய வருஷங்களில் காட்டை விற்றும் அடகு வைத்தும் லாரி வாங்கியவர்கள்தான் சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு லாரித் தொழிலின் முதல் தலைமுறை. அவர்களுக்குக் கிடைத்தவை இரண்டு வண்டிகள். ஒன்று எண்ணூரில் செய்த லேலண்ட். 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய கம்பெனி, இங்கிலாந்து லேலண்டோடு ஒப்பந்தம் போட்டு 1951இல் காமெட் லாரிகளைப் பூட்டத் தொடங்கியது. 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது. இன்னொன்று ஜாம்ஷெட்பூரில் 1954 முதல் வந்த டாடா மெர்சிடிஸ் பென்ஸ். 1969இல் அந்தக் கூட்டு முடிந்து முகப்பிலிருந்த நட்சத்திரம் போன பிறகும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அதை 'பென்ஸ் வண்டி' என்றுதான் சொன்னார்கள். வெறும் சேஸாக வரும். தலையில் துண்டைச் சுற்றி, கண்ணாடி மாட்டி, பலகை மேல் உட்கார்ந்து டிரைவர்கள் ஜாம்ஷெட்பூரிலிருந்து ரோட்டிலேயே ஓட்டிவருவார்கள். பாடி கட்டுவது இங்கே நடக்கும்.

இரண்டு எஞ்சினும் பிறந்தது குளிர் நாட்டில். ஒன்றின் தாய்வீடு லங்காஷயர், மற்றதன் தாய்வீடு ஸ்டட்கார்ட். பனிக்காலத்தில் எஞ்சின் சீக்கிரம் சூடேற வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஊர்க்காரன் வால்வு வைத்தான் என்று எங்கள் பட்டறைகள் முடிவு செய்துவிட்டன. பாதி உண்மை அது. மீதிப் பாதி எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

டீசல் எஞ்சினுக்கும் தண்ணீருக்கும் தொடக்கத்திலிருந்தே வழக்கு இருந்திருக்கிறது. ருடால்ஃப் டீசல் முதலில் போட்ட கணக்கில் தண்ணீரால் ஆற்ற வேண்டிய தேவையே இல்லாத எஞ்சின்தான் இருந்தது. சூட்டை வெளியே விடுவது காசை வெளியே விடுவது என்பது அவர் நினைப்பு. உண்மையான இரும்பு அதற்கு இணங்கவில்லை. 1897 பிப்ரவரியில் ஆக்ஸ்பர்க் நகரில் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் சோதித்துப் பார்த்த எஞ்சினுக்குச் சுற்றிலும் தண்ணீர் உறை இருந்தது. எரிபொருளின் சூட்டில் 26.2% வேலையாக மாறியது என்று அளந்து சொன்னார்கள். அந்தக் காலத்து நீராவி எஞ்சின்கள் இதன் பக்கத்தில்கூட வரவில்லை. எங்கள் லாரி எஞ்சின்களில் 100 ரூபாய்க்கு டீசல் ஊற்றினால் முப்பது முப்பத்தைந்து ரூபாய்க்குத்தான் வேலை கிடைக்கும். கிட்டத்தட்ட அதே அளவு சைலன்சர் வழியாகப் போகும். மிச்சத்தில் பெரும்பகுதியைத் தண்ணீர் வாங்கிக்கொண்டுபோய் ரேடியேட்டரில் காற்றிடம் கொடுக்க வேண்டும். கொடுக்க முடியாமல் போனால் வண்டி ஹீட் ஆகும்.

எங்கள் வண்டிகள் ஹீட் ஆகத்தான் செய்தன. சேலத்திலிருந்து தர்மபுரிக்குப் போகிற தொப்பூர் கணவாயிலும், பண்ணாரியிலிருந்து 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிற திம்பத்திலும், பாரத்தோடு போகிற வண்டி முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்துதான் போகும். எஞ்சின் முழு மூச்சில் உழைக்கும், ஆனால் வண்டியின் வேகத்தால் வருகிற காற்று ரேடியேட்டருக்குக் கிடைக்காது. ஃபேன் இழுக்கிற காற்று ஒன்றே கதி. பின்காற்று வேறு அடித்தால் அதுவும் பாதியாகிவிடும். மேலே போகப் போகத் தண்ணீர் கொதிக்கிற அளவும் இறங்கும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர், ஆயிரம் மீட்டருக்கு மேலே 97க்குள்ளேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியில் இருக்கிற ஸ்பிரிங் சரியாக இருந்தால் உள்ளே அழுத்தம் கூடி, கொதிநிலையைப் பத்துப் பன்னிரண்டு டிகிரி உயர்த்திப் பிடிக்கும். ஆனால் நான் பார்த்த பழைய வண்டிகளில் பாதிக்கு மேல் ரப்பர் போன மூடி, இல்லாவிட்டால் துணி சுற்றிய மரக்கட்டை.

கணவாய் ஏறி முடித்த இடத்தில் பானட்டைத் தூக்கிவிட்டு வண்டிகள் வரிசையாக நிற்கும். கிளீனர் ஈரச்சாக்கை மூடியின் மேல் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கால் சுற்று திருகுவான். எங்கள் பட்டறைக்கு வந்துபோகிற ஒரு கிளீனர் பையனின் வலது முன்கை முழுக்கத் தோல் உரிந்து இளஞ்சிவப்பாக இருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. என் வயதுதான் அவனுக்கு. அவசரத்தில் கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றி ஹெட்டை விரிசல் விட வைத்தவர்களும் உண்டு. ஒரு ஹெட் போனால் அந்த மாதத்து நடை எல்லாம் போனது போலத்தான். இந்தப் பயத்தில்தான் வால்வு டப்பாவுக்குப் போனது. தண்ணீர் போகிற பாதையில் ஒரு கதவு இருக்கிறது, அது திறக்காமல் சிக்கிக்கொண்டால் நடுக்கணவாயில் எஞ்சின் பிடித்துவிடும். ஆகவே கதவே வேண்டாம். யோசித்துப் பார்த்தால் யாருக்கும் சரி என்றுதான் படும்.

ஆனால் குற்றவாளி வேறு ஆள். தண்ணீர்தான். எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகக் காரை பிடிக்கும். அதே காரை எஞ்சின் பிளாக்குக்குள்ளும் ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் பிடித்தது. நீளமான தகடு ஒன்றைக் குழாய்க்குள் விட்டு இழுத்தால் முட்டை ஓடுபோலப் பெயர்ந்து வரும். அந்தக் காரை சூட்டை எளிதில் கடத்தாது. இரும்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு கம்பளி போர்த்தின மாதிரி. விவரம் தெரிந்த டிரைவர்கள் பவானி, குமாரபாளையம் பாலத்தடியில் நிறுத்தி, காவிரித் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் கேனில் பிடித்து வருவார்கள். மழை பெய்தால் தார்ப்பாயிலிருந்து வழிகிற தண்ணீரைப் பிடித்து வைப்பார்கள். மற்றவர்கள் கிடைத்ததை ஊற்றினார்கள். ரேடியேட்டர் கடைக்காரர்களுக்கு வருஷம் முழுக்க வேலை இருந்தது. மேல் டாங்கைப் பிரித்து, குழாயைக் குத்தி, ஆசிட்டில் அலசி, ஈயம் வைத்துப் பற்றவைத்துத் தருவார்கள். நல்ல கைகள் அவை. அலுமினியமும் பிளாஸ்டிக்குமாக ரேடியேட்டர்கள் வந்த பிறகு அந்தக் கைத்தொழில் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது.

1983 வாக்கில் சேலம் ஐ.டி.ஐ.யில் படித்த பையன் ஒருவன் பட்டறைக்கு வந்தான். அவன்தான் முதலில் கேட்டான்: "ஏனுங்ண்ணா, இத்தனை வால்வும் கெட்டதுங்களா?" எனக்குப் பதில் தெரியவில்லை. எடுத்துப் போட்டோமே தவிர, ஒன்றையாவது சோதித்துப் பார்த்ததில்லை. ஒரு தெர்மாமீட்டரை அவனே தேடிக்கொண்டு வந்தான். பக்கத்து டீக்கடையில் ஒரு அலுமினியப் போசியை வாங்கி அடுப்பில் வைத்து, வால்வை நூலில் கட்டி, தண்ணீருக்குள் தொங்கவிட்டோம். விளிம்பில் 82 என்று குத்தியிருந்தது. 70, 75, 80. வால்வு அசையவில்லை. டீக்கடைக்காரரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். 83ஐத் தொட்டபோது நடுத்தட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு மயிரிழை தெரிந்தது. பிறகு ஒரு நெல்மணி அகலம். கொதி வந்தபோது சுண்டுவிரல் நுனி நுழைகிற அளவு திறந்துவிட்டது. போசியை இறக்கி வைத்ததும், யாரும் தொடாமல், தானாக மூடிக்கொண்டது. அன்று சாயங்காலத்துக்குள் டப்பாவிலிருந்த நாற்பது சொச்சம் வால்வுகளையும் போட்டுப் பார்த்துவிட்டோம். முக்கால்வாசி நல்ல வால்வுகள்.

பழைய வண்டிகளில் வந்தவை துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பான பித்தளைக் கூடு. உள்ளே சீக்கிரம் ஆவியாகிற திரவம். புதியவற்றில் மெழுகு. மெழுகு உருகும்போது பருத்து ஒரு ஊசியைத் தள்ளும், ஊசி கதவைத் திறக்கும். 1930களில் செர்ஜியஸ் வெர்னே என்பவர் கண்டுபிடித்த வகை. மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம். ஒரு நாளில் நூறு தடவை திறந்து மூடி, மேட்டிலும் பள்ளத்திலும் தண்ணீரை ஒரே சூட்டில் வைத்திருக்கிற சாமானை நாங்கள் எண்ணெய்ப் பிசுக்கில் போட்டு வைத்திருந்தோம்.

அந்தப் பையன் இன்னொன்றும் காட்டினான். சில எஞ்சின்களில் வால்வுக்கு அடியில் இரண்டாவது தட்டு ஒன்று இருக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியே எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். சூடேறி மேல்கதவு திறக்கும்போது அடித்தட்டு பைபாஸை அடைக்கும். வால்வையே எடுத்துவிட்டால் பைபாஸை அடைக்க ஆள் இல்லை. சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்ப எஞ்சினுக்குள் வந்துவிடும். அதாவது, ஹீட் ஆகக் கூடாது என்று நாங்கள் செய்த வேலையே கணவாயில் சில வண்டிகளை ஹீட் ஆக்கியிருக்கிறது. இதைப் புரிந்துகொண்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஹீட் ஆனால் சத்தம் போடும், ஆவி கிளம்பும், ஊரே பார்க்கும். குளிர்ந்து ஓடுகிற எஞ்சின் சத்தமே போடாது. அதுதான் பெரிய கேடு. நம் ஊரில் என்ன குளிர் என்று கேட்பார்கள். மார்கழி ராத்திரி, தொப்பூர் இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு இறங்குகிற வண்டியில் வால்வு இல்லை என்றால், மீட்டர் முள் 50க்குக் கீழே படுத்துவிடும். லோடு இல்லாமல் காலியாக ஓடுகிற வண்டியும் அப்படித்தான். எஞ்சினுக்கு வேண்டியது 80க்கும் 90க்கும் இடைப்பட்ட சூடு. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அமுக்கின காற்றின் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். சிலிண்டர் சுவர் குளிர்ந்திருந்தால் காற்றின் சூட்டைச் சுவர் உறிஞ்சிக்கொள்ளும். டீசல் தாமதமாகப் பற்றி, ஒரேயடியாக வெடிக்கும். காலையில் வண்டி எடுக்கும்போது வருகிற கடகடச் சத்தமும் வெள்ளைப் புகையும் அதுதான். பற்றாமல் மிஞ்சின டீசல், பிஸ்டன் ஓடுகிற லைனர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கிற டிரைவர், "ஆயில் ஒரு சொட்டுக் கொறையலீங்க" என்று சந்தோஷமாகச் சொல்வார். விரலில் தொட்டு மோந்து பார்த்தால் டீசல் வாசனை அடிக்கும்.

இதைவிடப் பெரியது லைனர் தேய்மானம். ஹெட்டைக் கழற்றியதும் நாங்கள் முதலில் செய்வது, கட்டைவிரல் நகத்தை லைனருக்குள் வைத்து மேல்நோக்கி இழுப்பது. டாப் ரிங் வந்து திரும்புகிற இடத்தில் நகம் இடறும். அந்த மேடு எவ்வளவு பெரிதோ லைனர் அவ்வளவு தின்றிருக்கிறது என்று அர்த்தம். உராய்ந்து தேய்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் 1930களிலேயே இங்கிலாந்தில் ஆட்டோமொபைல் எஞ்சினியர்கள் சங்கத்துக்காக சி. ஜி. வில்லியம்ஸ் செய்த ஆராய்ச்சிகள் வேறொன்றைச் சொல்லியிருந்தன. சிலிண்டர் சுவர் குளிர்ந்திருந்தால் எரிந்த புகையிலிருக்கிற ஈரம் சுவரில் வியர்த்து, அமிலமாகி, இரும்பை அரிக்கிறது. அரித்த இடத்தை ரிங் வழித்துக்கொண்டு போகிறது. டீசலில் இதற்குக் கந்தகம் துணை. 1990களின் நடுப்பகுதி வரை நம் நாட்டு டீசலில் 1% வரை கந்தகம் இருக்கலாம் என்பதே விதி. அது எரிந்து, ஈரத்தோடு சேர்ந்து, குளிர்ந்த சுவரில் கந்தக அமிலமாக உட்காரும். சுவர் சூடாக இருந்தால் அது சைலன்சர் வழியாகப் போயிருக்கும். அதாவது, வால்வை எடுத்துவிட்டு நாங்களே லைனருக்குள் அமிலம் தெளித்துக்கொண்டிருந்தோம்.

சங்ககிரியிலிருந்து கேரளத்துக்குச் சிமெண்ட் ஏற்றிய ஒருவர் எங்களிடம்தான் வேலை பார்ப்பார். ஒரே வண்டி, அவரே டிரைவர். வால்வை எடுத்தது நான். இரண்டு வருஷத்தில் புகை தள்ளி, இழுவை போய், ஆயில் குடிக்கத் தொடங்கிவிட்டது. ஆறு லைனரிலும் நகம் இடறியது. பிஸ்டன், ரிங், லைனர், பேரிங் என்று முழு எஞ்சின் வேலை. அவர் மனைவியின் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போனது எனக்குத் தெரியும், ஏனென்றால் அந்தப் பணத்தை என் கையில்தான் எண்ணிக் கொடுத்தார். லோடு அதிகம், ரோடு மோசம், கலப்பட டீசல் என்று நான் அவருக்குக் காரணம் சொன்னேன். அப்போது அதைத்தான் நம்பினேன். டீக்கடைச் சோதனைக்குப் பிறகு அவர் வண்டிக்குப் புது வால்வு வாங்கி, காசு வாங்காமல் பூட்டிக்கொடுத்தேன். காரையை எடுத்து, மூடியை மாற்றி, பிறகு பூட்டினேன். அதுதான் சரியான வரிசை. காரையோடு வால்வை மட்டும் போட்டிருந்தால் மேஸ்திரி பயந்ததே நடந்திருக்கும். அடுத்த தடவை அந்த எஞ்சினை இறக்குவதற்குள் அவருடைய பெரிய பெண்ணுக்குக் கல்யாணமே முடிந்துவிட்டது.

வடக்கே போன டிரைவர்களுக்கு இதெல்லாம் அனுபவத்தில் தெரிந்திருந்தது. பஞ்சாப், காஷ்மீர்ப் பக்கம் போகிறவர்கள் ரேடியேட்டர் முன்னால் சாக்கையோ அட்டையையோ கட்டி ஓட்டுவார்கள். உறைந்த டீசலை இளக்க டாங்கின் அடியில் தீ மூட்டின கதையையும் சொல்வார்கள். லடாக்குக்கென்று மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் கொண்டுவந்தது 2019இல்தான். சாக்கு கட்டினவர் ஓசூர் தாண்டியதும் அவிழ்த்துவிடுவார். குளிரை அங்கே விட்டுவிட்டு வந்ததாக அவருக்கு நினைப்பு.

பிறகு காலம் மாறியது. 2000இல் கந்தகம் 0.25% ஆனது, அப்புறம் படிப்படியாகக் குறைந்து, 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்தபோது பத்து லட்சத்தில் 10 பங்காகிவிட்டது. தண்ணீருக்குப் பதிலாகக் கூலன்ட் ஊற்றுகிறார்கள், காரை பிடிப்பதில்லை. எஞ்சின் சூடேறும்போது மட்டும் பிடித்துக்கொள்கிற ஃபேன் வந்துவிட்டது. இப்போது வால்வைப் பிடுங்கினால் வண்டியே கண்டுபிடித்துவிடும். புகைக்குழாயில் 200 டிகிரி அளவுக்குச் சூடு வந்தால்தான் புகையைச் சுத்தப்படுத்துகிற யூரியாவைத் தெளிக்க முடியும். கரி வடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்க 550, 600 டிகிரி வேண்டும். எஞ்சின் தண்ணீர் உரிய சூட்டுக்கு வராவிட்டால் கம்ப்யூட்டர் அந்த வேலையைத் தொடங்கவே தொடங்காது. விளக்கு எரியும், பிறகு இழுவையைக் குறைத்துவிடும்.

போன தை மாதம் ஒரு டிப்பர் அப்படித்தான் விளக்கெரிய வந்தது. வேறு இரண்டு இடங்களில் சென்சாரை மாற்றிவிட்டார்களாம். இப்போது பட்டறையைப் பார்க்கிற என் மகன் ஸ்கேனரை மாட்டினான். அரைமணி நேரம் ஓட்டியும் தண்ணீர் 62 டிகிரியைத் தாண்டவில்லை. "அப்பா, உங்க சாமான்தான்" என்றான். கழற்றினால் வால்வு பாதி திறந்தபடியே சிக்கியிருந்தது. புது வால்வைப் பூட்டுவதற்கு முன் வழக்கம்போல வெந்நீரில் போட்டுப் பார்த்தேன். இப்போது அதற்குக் கரண்ட் அடுப்பு இருக்கிறது, நூலும் போசியும் மட்டும் மாறவில்லை.

பூட்டி, காற்றை வெளியேற்றி, ஸ்டார்ட் செய்தோம். மகன் ஸ்கேனரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தான். 60, 70, 75. நான் ரேடியேட்டரின் மேல் ஹோஸில் ஒரு கையை வைத்திருந்தேன். குளிர்ந்தே இருந்தது. 80 என்றான், 82 என்றான். உள்ளங்கைக்கு அடியில் ரப்பர் வெதுவெதுப்பாகி, அடுத்த நிமிஷம் கையை எடுக்கிற அளவுக்குச் சுட்டது.